மூங்கில்பீலித் தொட்டியில் இருந்தவர்

போர் முடிந்து எங்களை மலைக்குத் திரும்ப விட்ட மறுநாள் காலையில், பால்மா கரைக்கத் தண்ணீர் மொள்ள மூங்கில்பீலித் தொட்டிக்குப் போன ஆராயி, வெறும் வாளியோடு திரும்பி வந்து, "தொட்டிக்குள்ள தண்ணி சோதிக்கிற ஐயா இருக்காரு" என்று சொன்னாள்.

"செத்துக் கெடக்காரா?" என்று கேட்டான் அவள் புருஷன் சடையன்.

"இல்ல. வேல பாத்துக்கிட்டு இருக்காரு."

ஐம்பது குடும்பமும் போய்ப் பார்த்தோம். தொட்டிக்கரையில் யாரும் இல்லை. தண்ணீருக்குள், தலைகீழாகத் தொங்கும் சவுக்கு மரங்களுக்கும் தலைகீழாக நகரும் மேகங்களுக்கும் நடுவில், ஒரு மாதத்துக்கு முன்னால் வந்துபோன நீர்ப் பரிசோதகர் கோமதிநாயகம், கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டுக் குந்தியிருந்து, வெள்ளைக் கேனில் தண்ணீர் பிடித்து, மூடியைத் திருகி, சட்டைப் பையிலிருந்து பேனா எடுத்து, ஒரு சீட்டில் ஏதோ எழுதி ஒட்டி, அதை ஓரமாக வைத்துவிட்டு அடுத்த கேனை எடுத்துக்கொண்டிருந்தார். கல்லை விட்டெறிந்தால் கலைந்தார். அலை அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். எங்களில் யாரையும் அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆள் இல்லாமல் ஆளின் பிம்பம் மட்டும் தண்ணீரில் தங்கிப்போயிருக்கிறது என்பது சின்னப் பிள்ளைகளுக்குக்கூடப் புரிந்தது. ஏன் தங்கியது என்பதுதான் யாருக்கும் புரியவில்லை.

அது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. தெரிந்த வரிசையை விட்டுவிட்டு நடந்த வரிசையில் சொல்கிறேன்.

எங்கள் கொக்குத்தலை மலையில் தேயிலை விளையும். சண்டைக்கு வேண்டிய எதுவும் விளையாது. ஆனாலும் மலை உயரமாக இருந்த காரணத்தால் ஒரு கட்சி மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது, இன்னொரு கட்சி கீழேயிருந்தும் வானத்திலிருந்தும் அடித்தது, இரும்புத் தகட்டையும் துளைத்துக்கொண்டு போகிற கனத்த குண்டுகளை அவர்கள் எங்கள் பாறைகளில் போட்டார்கள், பாறைகள் வெடித்துக் கறுத்து, கறுப்பின்மேல் மஞ்சள் மஞ்சளாகத் தூள் பூத்தது. எங்களை லாரிகளில் ஏற்றிக் கீழே சமவெளியில் மூடிக்கிடந்த சீனி ஆலையின் கிடங்குகளில் இறக்கினார்கள். அங்கே இரண்டு வருஷமும் மூன்று மாதமும் இருந்தோம். குடிக்க ஒரு கிணறு, அதன் பக்கத்திலேயே கக்கூசு. பதினேழு பேரைப் புதைத்தோம். பதினேழில் ஒருத்தி ஆராயியின் மகள் செவ்வந்தி. வயிற்றுப்போக்கில் இரண்டே நாளில் போனாள், நாலு வயசு.

போர் முடிந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்னபிறகும் எங்களை விடவில்லை. அந்தக் குண்டுகளால் மலைத் தண்ணீரில் கதிரியக்கம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். கதிரியக்கம் என்றால் என்ன என்று சடையன் முகாம் அதிகாரியிடம் கேட்டான். சடையன் தோட்டத்தின் தண்ணீர்க் குழாய்களைப் பார்த்துக்கொள்கிறவன். தண்ணீரில் தனக்குத் தெரியாத ஒன்று இருக்க முடியும் என்பதை அவன் நம்பவில்லை.

"கண்ணுக்குத் தெரியாது. வாடை இருக்காது. ருசியும் இருக்காது" என்றார் அதிகாரி.

"அப்ப அது இருக்குன்னு எப்படிங்க தெரியும்?"

"அதுக்குத்தான் ஆள் வருது."

அப்படி வந்தவர்தான் கோமதிநாயகம். நாற்பத்தெட்டு வயது, ஒல்லி, பேச்சுக் குறைவு. மலையில் ஏழு பீலிகள் உண்டு. சுனைத் தண்ணீரை வெட்டிய மூங்கிலில் இறக்கி மொள்ளும் இடத்தைத்தான் நாங்கள் பீலி என்போம், இப்போது சில இடங்களில் மூங்கில் போய் சிமெண்டுத் தொட்டியும் குழாயும் வந்துவிட்டன. வழிகாட்ட இரண்டு பேர் வேண்டும் என்றதும் சடையன் புறப்பட்டான். ஒருநாளாவது வீட்டைப் பார்த்துவிட்டு வரலாமே என்று ஆராயியும் கூடப் போனாள்.

ஆறு பீலிகளிலும் அவர் கையிலிருந்த கருவி ஓட்டைக் கூரை ஒழுகுவதுபோல விட்டுவிட்டுத் தட்டிக்கொண்டிருந்தது. ஏழாவது மூங்கில்பீலி. தொழிலாளர் வரிசை வீடுகளான பெரிய லயத்துக்கும், வேலைக்குப் போகும் தாய்மார்கள் கைப்பிள்ளைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவுக்கும் அதுதான் தண்ணீர். அந்தக் காம்பராவைப் பார்த்துக்கொள்கிறவள் ஆராயி. சடையன் கீழே உடைந்த குழாயைப் பார்க்கப் போயிருந்தான். சுனைக்கு மேலிருந்த பாறை வெடிப்பருகே பரிசோதகர் கருவியை நீட்டியதும் அது சட்டியில் சோளம் பொரிவதுபோலப் பொரிந்தது. அவர் கருவியின் சத்தத்தை அணைத்தார். ஆராயி அந்த நேரம் அவரை நேராகப் பார்க்கவில்லை, தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீரில் அவருடைய முகம் தெரிந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் நெருப்பாகக் கொதிப்பதைத் தொட்டுப் பார்த்த தகப்பனின் முகம் மாதிரி அது இருந்தது.

"என்னாங்கய்யா?"

"ஒண்ணுமில்லம்மா. இங்க வச்சுச் சொல்ல முடியாது. கொண்டுபோய்ப் பாத்தாத்தான் தெரியும்."

அவள் அதற்குமேல் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பதிலாக, கையிலிருந்த கேனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "ஐயா, நல்லா எழுதுங்க" என்றாள். "எம்புள்ள அந்தக் கெடங்குத் தண்ணியக் குடிச்சுத்தான் செத்துச்சு. இன்னொரு மழைக்காலம் அங்க கெடந்தா மிச்சமிருக்கிற புள்ளைங்களும் தங்காது. நாங்க எல்லாம் இந்தத் தண்ணியக் குடிச்சு வளந்தவங்க. ஒங்க கையிலதான் இருக்கு. நல்லா எழுதுங்கய்யா."

அவர் கேன்களை எண்ணினார். ஏழு இருந்தன.

தலைநகரத்துப் பரிசோதனைக்கூடத்தில் அவர் ஒவ்வொரு கேனிலும் ஒரு லீட்டரைச் சட்டியில் ஊற்றி, அது ஒரு சிட்டிகைப் பொடியாகும்வரை வற்றவைத்து, பொடியைத் தட்டில் பரப்பி, ஈயப் பெட்டிக்குள் வைத்து எண்ண விட்டார். குடிக்கும் தண்ணீரில் கதிரியக்கத்துக்கு எல்லை அரை. ஆறு பீலிகளும் கால் அளவைத் தாண்டவில்லை. மூங்கில்பீலி ஆறே முக்கால் காட்டியது. மறுபடி வற்றவைத்தார், மறுபடி எண்ணினார், மறுபடி ஆறே முக்கால்.

மேலதிகாரி அவரைக் கூப்பிட்டார். "மத்த மலையெல்லாம் முடிஞ்சிருச்சு நாயகம். ஒங்க தாள் ஒண்ணுக்காக அஞ்சு பஸ் நிக்குது."

"ஒரு சுனை சரியில்ல சார்."

"படிவத்துல ஒரு மலைக்கு ஒரு கையெழுத்துதான். ஒரு சுனை சரியில்லன்னா மலை சரியில்ல. மலை சரியில்லன்னா அந்த சனம் அங்கயே கெடக்க வேண்டியதுதான், எத்தன வருஷமோ. எழுதுங்க, நான் தடுக்கல. யோசிச்சு எழுதுங்க."

மேலதிகாரி மிரட்டவில்லை. இதைக் கோமதிநாயகமே பின்னால் எங்களிடம் இரண்டு தடவை அழுத்திச் சொன்னார். மிரட்டியிருந்தால் அதைச் சொல்லித் தப்பித்திருப்பேன் என்றார். தன் மேசைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தபோது, கேனை அணைத்துக்கொண்டு நின்ற பெண்ணின் குரல் காதில் இருந்தது. தான் செய்யப்போவது இரக்கம் என்று நினைத்தார். அடுத்த வரியிலிருந்த தேன்பீலியின் எண்ணை, பூச்சியம் தசம் இரண்டு, மூங்கில்பீலிக்கு நேராக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை சவரம் செய்யக் கண்ணாடி முன் நின்றபோது கண்ணாடியில் பின்சுவரும் துண்டு தொங்கும் ஆணியும் மட்டும் தெரிந்தன. அவர் மனைவி இந்துமதி எட்டிப் பார்த்தாள், கண்ணாடியைத் துடைத்தாள், திரும்பவும் பார்த்தாள். "நேரமாச்சு, உக்காருங்க, நான் மழிச்சு விடறேன்" என்று பிளேடைக் கையில் வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து தினமும் அவள்தான் அவருக்குச் சவரம் செய்தாள். என்ன செய்தீர்கள் என்று அவள் கேட்கவில்லை. அவளிடம் சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை.

எங்களை ஏற்றிக்கொண்டு பஸ்கள் மலையேறின. பாடிக்கொண்டு வந்தோம். மறுநாள் காலையில்தான் ஆராயி வெறும் வாளியோடு திரும்பினாள்.

முதல் நாள் பயந்தோம். இரண்டாம் நாள் பெண்கள், ஆம்பிளை உட்கார்ந்திருக்கிற இடத்தில் எப்படிக் குளிப்பது என்று சண்டை பிடித்தார்கள்; சடையன் ஒரு பக்கமாகச் சாக்குத் திரை கட்டிவிட்டான். மூன்றாம் நாள் கோயில் பூசாரி கற்பூரம் கொளுத்திப் பார்த்தார், தண்ணீரில் இருந்தவர் போகவில்லை; இது பிடித்து வைத்த சாமியும் இல்லை, விரட்ட வேண்டிய பேயும் இல்லை, அரசாங்க உத்தியோகத்தர் என்று சொல்லிவிட்டுப் பூசாரி கிளம்பினார். அதன்பிறகு பழகிவிட்டது. குடத்தை முக்கும்போது அவர் தோளில் இடிக்காமல் ஓரமாக முக்கினோம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் "குட்மார்னிங் சேர்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வெயில் ஏறும்போது அவர் தலைக்கு நிழலாகட்டும் என்று யாரோ ஒரு வாழையிலையைக்கூடத் தண்ணீரில் மிதக்கவிட்டிருந்தார்கள். எங்களுக்காக இன்னும் வேலை பார்க்கிறார் பாவம் என்று பேசிக்கொண்டோம். நாள் முழுவதும் அவர் கேனில் தண்ணீர் பிடித்தார், எழுதினார், ஒட்டினார். எத்தனை பிடித்தும் அவருக்குப் போதவில்லை.

அவர் என்ன எழுதுகிறார் என்று பார்க்க வேண்டுமென்று தோன்றியது ஆராயிக்குத்தான். தண்ணீரில் எழுத்து புரண்டு கிடந்தது. எட்டாம் நாள் அவள் பிள்ளைக்காம்பராவில் பிள்ளைகளுக்கு விளையாட்டுக் காட்டும் கைக்கண்ணாடியைக் கொண்டுவந்து தொட்டிக்கு மேல் பிடித்தாள். கண்ணாடியில் எண் நேராக நின்றது. ஆறு தசம் ஏழு ஐந்து. தொட்டிக்கு மேலே சவுக்கு மரத்தில் அரசாங்கம் அடித்துவைத்த பலகையில், மூங்கில்பீலி, பூச்சியம் தசம் இரண்டு, குடிக்க உகந்தது என்று இருந்தது.

எண்களுக்கு என்ன பொருள் என்று எங்களுக்குத் தெரியாது. இரண்டும் ஒன்றில்லை என்பது எங்களுக்குத் தெரிந்தது.

அன்று சாயங்காலம் தேயிலைத் தொழிற்சாலை முற்றத்தில் கூடினோம். இதை மேலே சொன்னால் என்ன ஆகும் என்பதுதான் பேச்சு. சொன்னால் திரும்பவும் லாரி வரும், திரும்பவும் கிடங்கு, திரும்பவும் அந்தக் கிணறு. யாரும் சத்தம் போடவில்லை. பவளக்கொடி என்கிறவள், ஏழு மாதப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, "பலகையில அரசாங்கம் எழுதியிருக்கு. தண்ணிக்குள்ள இருக்கிறத நம்பி நாம வீட்ட விடணுமா?" என்று கேட்டாள். அது எங்கள் எல்லாருக்கும் பிடித்த கேள்வியாக இருந்தது. மறுநாள் காலை தொழிற்சாலைக் கூரைக்குப் போட்டு மிஞ்சிக் கிடந்த தகரத்தைக் கொண்டுபோய்த் தொட்டியை மூடினோம். இனிமேல் குழாயில் மட்டும் பிடிப்பது என்று முடிவு. அந்தத் தகரத்தைத் தூக்கிய நாலு பேரில் நானும் ஒருவன். மூடும்போது கடைசியாக இருந்த இடைவெளியில் எட்டிப் பார்த்தேன். அவர் பேனாவைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தார். நான் தகரத்தை இழுத்துவிட்டேன்.

ஆனால் அவர் குழாய் வழியாக வந்தார். குடத்து வாயில் வட்டமாகத் தெரிந்தார், கஞ்சிப் பானைக்கு வைத்த உலைத் தண்ணீரில் கொதிக்கிறவரை தெரிந்தார், பிளேன்டீ கோப்பையில் சீனி கலக்கும் முன்னால் கருநிறமாகத் தெரிந்தார். நாங்கள் கலக்கிக்கொண்டே குடிக்கப் பழகினோம். அந்த நாட்களில் எங்கள் தோட்டத்துக்கு யாராவது விருந்தாளி வந்திருந்தால், இவர்கள் ஏன் எதைக் குடித்தாலும் கண்ணை மூடிக்கொள்கிறார்கள் என்று கேட்டிருப்பார்.

ஆராயியால் கண்ணை மூட முடியவில்லை. பதினொரு கைப்பிள்ளைகளுக்குப் பால்மா அளந்து போட வேண்டும். இருபத்துமூன்றாம் நாள் அவள் பவளக்கொடியின் மகனுக்குப் புட்டியில் வெந்நீர் ஊற்றினாள். மாவு போடும் முன் புட்டிக்குள் விரல் நீளத்தில் பரிசோதகர் இருந்தார். அதுவரை யாரையும் பார்க்காத மனிதர் அப்போது நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அன்று மலையில் தண்ணீரில் பார்த்த அதே முகம். அவள் புட்டியை வாசலில் கொட்டினாள்.

மறுநாளிலிருந்து அவள் ஒன்றரை மைல் மேலே ஏறித் தேன்பீலியிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தாள். விடியும்போது ஒரு நடை, பத்து மணிக்கு ஒரு நடை, இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு வாளி. ஏன் என்று கேட்டவர்களிடம் நேர்த்திக்கடன் என்று சொன்னாள். பதினைந்து நாள் சுமந்தாள். பதினாறாம் நாள் சடையன் வழியில் குடத்தை வாங்கிக்கொண்டு கேட்டான்.

"எந்தச் சாமிக்கு நேந்தே?"

அவள் வழியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "எட்டு மணிநேரம் நான் நல்ல தண்ணி குடுக்குறேன். சாயங்காலம் தாய்க்காரி தூக்கிட்டுப் போயி அதே தண்ணியக் குடுக்குறா. நான் சொமந்து என்னாங்க ஆவப்போவுது?"

"அப்ப சொல்லிரு."

"என்னான்னு சொல்ல? அன்னிக்கே எனக்குத் தெரியும்னா? அவரு மொகத்தப் பாத்தேன். பாத்துட்டுத்தான் நல்லா எழுதுங்கன்னு சொன்னேன். செவ்வந்திய அந்தக் கெடங்குல விட்டுட்டேன். இந்தப் பதினொண்ணுக்கும் இருவத்துமூணு நாளு என் கையாலயே ஊத்திக் குடுத்துட்டேன்."

சடையன் குடத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டான். பிறகு பஸ்ஸுக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று கேட்டான்.

தலைநகரத்தில் பரிசோதனைக்கூடத்தின் வாசலில் அவள் மத்தியானம்வரை நின்றாள். சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்த கோமதிநாயகம் அவளைப் பார்த்ததும் கையிலிருந்த டிபன் டப்பாவைத் தரையில் வைத்தார்.

"தொட்டிக்குள்ள இருக்கீங்கய்யா" என்றாள் ஆராயி.

"அங்கதான் இருக்கேனா" என்றார் அவர். பெருமூச்சு விட்டார். "எங்க போச்சுன்னு தெரியாம இருந்தேன்."

"ஆறு தசம் ஏழு அஞ்சுன்னு எழுதுறீங்க."

"அதுதான் சரி."

"அதக் குடிச்சா என்னாங்க ஆவும்?"

"ஒடனே ஒண்ணும் தெரியாது. கிட்னியில சேரும், எலும்புல சேரும். சின்னப் புள்ளைங்களுக்குச் சீக்கிரம் சேரும். இப்பவே நிறுத்தினா பெரும்பாலும் வெளிய போயிரும். பெரும்பாலும்னுதாம்மா சொல்ல முடியும்."

ஆராயி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். "நான் கேட்டதுனாலதான நீங்க எழுதுனீங்க?"

"கேட்டது நீங்க" என்றார் அவர். "எழுதினது நான். உங்களுக்கு எண் தெரியாது. எனக்குத் தெரியும்."

"எனக்கு மொகம் தெரிஞ்சுச்சே ஐயா."

இருவரும் பரிசோதனைக்கூட மதில் ஓரமாக, ஒரே வீட்டில் சாவு விழுந்தவர்கள்போல நின்றார்கள். பிறகு அவர் உள்ளே போய் உண்மையான எண்ணோடு இரண்டாவது தாள் எழுதி, அதில் முதல் தாள் பொய் என்றும் எழுதி, நாலு பிரதி எடுத்து, மேலதிகாரியின் மேசையில் ஒன்று வைத்து, மூன்று செய்தித்தாள்களுக்கு ஒவ்வொன்று தபாலில் போட்டார். மேலதிகாரி படித்துவிட்டு, வீட்டுக்குப் போங்க நாயகம், இனிமே வர வேண்டாம் என்றார். வீட்டில் இந்துமதி எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டுவிட்டு, "இத அன்னிக்கே சொல்லியிருந்தா நான் ரெண்டு திட்டு திட்டியிருப்பேன், அதோட போயிருக்கும்" என்று சொல்லி, அவருடைய துணிகளை மடித்துப் பையில் வைத்தாள்.

மறுநாள் மலைக்கு வந்துசேர்ந்து, அதற்கடுத்த காலை நாங்கள் வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடும் பெரட்டுக்களத்தில் அவர் எங்கள் முன்னால் நின்றார். தொட்டிக்குள் பார்த்துப் பழகிய ஆள் காலால் நடந்து வந்து வெயிலில் நின்றது எங்களுக்கு அதிசயமாக இல்லை, கோபமாக வந்தது. எண்ணை மாற்றி எழுதியதாகச் சொன்னார். மேலதிகாரி மிரட்டவில்லை என்று சொன்னார். அந்தத் தண்ணீரை இனி ஒரு சொட்டும் குடிக்க வேண்டாம் என்று சொன்னார்.

"இத எதுக்குய்யா வந்து சொல்றே?" என்று பவளக்கொடி கத்தினாள். "தெரியாமக் குடிச்சிட்டு இருந்தோமில்ல? இப்ப எங்கள எங்க போகச் சொல்றே?"

தெரியாமல் குடித்தோம் என்று அவள் சொன்னதும் களத்தில் எல்லாரும் தரையைப் பார்த்தோம். அவளும் பார்த்தாள்.

அப்போது ஆராயி முன்னால் வந்து தான் பார்த்த முகத்தைப் பற்றிச் சொன்னாள். கேட்டதைச் சொன்னாள், இருபத்துமூன்று நாளைச் சொன்னாள், நேர்த்திக்கடன் பொய் என்று சொன்னாள். பரிசோதகர் சொன்னபோது கத்தியவர்கள் இப்போது கத்தவில்லை. அவர் வேற்றாள், அவரைத் திட்டலாம். இவள் எங்கள் பிள்ளைகளைத் தூக்கி வைத்திருப்பவள். பவளக்கொடி பக்கத்தில் வந்து, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே, ஒரு கையால் ஆராயியின் கன்னத்தில் அறைந்தாள். ஆராயி மற்றக் கன்னத்தைக் காட்டவும் இல்லை, அழவும் இல்லை, அப்படியே நின்றாள். நான் தகரத்தைப் பற்றி அங்கே பேசியிருக்க வேண்டும். மூடினது நாங்கள்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த அடி பாதியாகியிருக்கும். வாய் திறக்கவில்லை.

பேசியது சடையன்தான். "தேன்பீலி எப்படிங்கய்யா?"

"அது சுத்தம்" என்றார் கோமதிநாயகம். பையிலிருந்து தாளை எடுக்கப் போனார்.

"கடுதாசி வேணாம். வாயால சொல்லுங்க."

"சுத்தம். மத்த ஆறும் சுத்தம்."

"அப்ப தேன்பீலியிலருந்து கொழாய எறக்குவோம். மேட்டுலருந்து பள்ளத்துக்கு வருது, மோட்டார்கூட வேணாம். மூங்கில்பீலிக் கொழாயவே கழட்டி ஆசிட் ஊத்திக் கழுவுனா..."

"அது வேணாம். புதுக் கொழாய்தான் போடணும்."

"சண்டைக்கு முன்னால தொழிற்சாலைக்குன்னு வந்த கொழாயி போடாமக் கெடக்கு. அது போதும்."

குடிக்கத் தேன்பீலித் தண்ணீரை முறைபோட்டுச் சுமந்துகொண்டே அன்றே வேலையைத் தொடங்கினோம். பாறையைச் சுற்றி வாய்க்கால் வெட்டி, குழாயைத் தோளில் சுமந்து, மூட்டு வைத்து, புதிய தொட்டி கட்டினோம். கோமதிநாயகம் எங்களோடு குழாய் சுமந்தார். யாரும் அவரோடு பேசவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அவர் தட்டில் யாராவது ஒருவர் சோறு வைத்தோம், அவ்வளவுதான். செய்தித்தாளில் விஷயம் வந்து, பன்னிரண்டாம் நாள் எங்களைத் திரும்ப ஏற்றிப்போக லாரிகளும் வந்தன. சடையன் அவர்களை வாய்க்கால் வழியாக நடத்திக் கூட்டிப்போய்க் காட்டினான். கூட வந்திருந்த வேறொரு பரிசோதகர் தேன்பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, மூங்கில்பீலியை அடைத்துவிட்டால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனார். லாரிகள் வெறுமனே இறங்கின. பிறகு வரவில்லை.

வேலை முடிந்து புதுக் குழாயில் தண்ணீர் முதலில் செம்மண்ணாகவும் பிறகு தெளிவாகவும் வந்தபோது, எல்லாரும் கையேந்திக் குடித்தோம். கோமதிநாயகம் மட்டும் ஒரு கல்லில் உட்கார்ந்து விரல்விட்டுக் கணக்குப் பார்த்தார்.

"எத்தன நாளாச்சு சடையன்?"

"பத்தொம்பது."

"அன்னிக்கு நான் உள்ளதை எழுதிட்டு, உங்ககிட்ட வந்து, ஒரு சுனை சரியில்ல, என்ன செய்யலாம்னு கேட்டிருந்தா?"

சடையன் குழாய்த் திருகியைத் துடைத்துக்கொண்டிருந்தான். "இதேதான் சொல்லியிருப்பேன்."

"பத்தொன்பது நாள்" என்றார் அவர். இரண்டு வருஷமும் மூன்று மாதமும் காத்திருந்த எங்களுக்கு இன்னும் பத்தொன்பது நாள் காத்திருக்கத் தெரிந்திருக்கும். அவர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு தோள் குலுங்க அழுதார். நாங்கள் அவரை அழ விட்டோம். எங்களிலும் ஒருவரும் சடையனிடம் கேட்கவில்லை. தகரம் தூக்க நாலு பேர் வந்தோம்; குழாய் போடலாமா என்று கேட்க ஒருவர் வரவில்லை.

பழைய தொட்டியை அன்று சாயங்காலம் திறந்துவிட்டுச் சிமெண்டு பூச முடிவுசெய்தோம். தகரத்தை நகர்த்தியபோது உள்ளே அவர் அப்படியே குந்தியிருந்தார். கரையில் நின்ற கோமதிநாயகம் தன்னைத்தானே பார்த்தார். சடையன் அடியிலிருந்த அடைப்பைப் பிடுங்கினான். தண்ணீர் இறங்க இறங்க, உள்ளே இருந்தவர் கடைசிக் கேனின் மூடியை இறுகத் திருகி, பேனாவைப் பையில் குத்தி, மடித்திருந்த கால்சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்து, வேலை முடிந்த ஆளைப்போலத் தண்ணீரோடு அந்தத் துளை வழியாகப் போய்விட்டார். அதன்பிறகு எந்தத் தண்ணீரிலும் எந்தக் கண்ணாடியிலும் கோமதிநாயகம் தெரியவில்லை. அவரும் தேடவில்லை. மாதம் ஒருமுறை மலையேறி வந்து பதினொரு பிள்ளைகளின் சிறுநீரைச் சிறு குப்பிகளில் வாங்கிக்கொண்டு, எங்கோ ஒரு தனியார் பரிசோதனைக்கூடத்தில் கொடுத்து, வரும் எண்ணை எழுதித் தாய்மார்களின் கையிலேயே கொடுத்தார். ஒன்பது பிள்ளைகளுக்கு எண் இறங்கிக்கொண்டு வந்தது. இரண்டு பிள்ளைகளுக்கு மெதுவாக இறங்கியது. அந்த இரண்டில் ஒன்று பவளக்கொடியின் மகன்.

குழாய் போட்ட அந்த நாட்களிலும் பிள்ளைக்காம்பரா திறந்துதான் இருந்தது. பெரட்டுக்களத்தில் அடி வாங்கியதற்கு மறுநாளிலிருந்து ஆராயி தினமும் காலையில் அதைப் பெருக்கி, தொட்டில் துணிகளை வெயிலில் போட்டு எடுத்துக் கட்டி, புட்டிகளைக் கொதிக்கவைத்து, வாசலில் நின்றாள். யாரும் வரவில்லை. தாய்மார்கள் பிள்ளைகளை முதுகில் கட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போனார்கள், சிலர் வேலைக்கே போகவில்லை. எட்டு மணிக்கு அவள் கதவைச் சாத்தாமல் உள்ளே போய் உட்கார்ந்தாள், நாலு மணிக்கு எழுந்து கொதிக்கவைத்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றினாள். நான் அந்த வழியாகத்தான் தொழிற்சாலைக்குப் போவேன். ஒருநாள் நின்று, "தகரம் போட்டது நாங்கதானே ஆராயி" என்றேன். "தெரியும் அண்ணே" என்றாள். அவ்வளவு தாமதமாகச் சொன்னதற்கு அதைவிட அதிகம் எதிர்பார்க்க எனக்கு உரிமை இல்லை.

புதுக் குழாய் வந்த ஐந்தாம் நாள், மழை தூறிக்கொண்டிருந்த காலையில், பவளக்கொடி வாசலில் வந்து நின்றாள். பிள்ளைக்குச் சாக்குத் துண்டைப் போர்த்தியிருந்தாள். மழையில் முதுகில் கட்டிக்கொண்டு மலையேற முடியாது. உள்ளே வரவில்லை, ஆராயியின் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

"மன்னிச்சிட்டேன்னு நெனச்சிராதே" என்றாள். "வேலைக்குப் போவணும்."

"சரி" என்றாள் ஆராயி.

பவளக்கொடி பிள்ளையை நீட்டினாள். ஆராயி உடனே வாங்கவில்லை. இரண்டு கைகளையும் புதுக் குழாயில், முழங்கைவரை, விரலிடுக்குகளில், நகக்கண்களில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். மழையில் பிள்ளையை நீட்டியபடியே பவளக்கொடி, கை கடுக்க, அவள் கழுவி முடிக்கும்வரை நின்றாள்.